செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வெளி அறிவுத் தேடல் சர்வருடன் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உங்களிடம் சில நூறு பக்க ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி உதவியாளரிடம் கேட்டால், அது தேடிப் பார்த்து, உரிய பத்தியை எடுத்துப் படித்து, எந்த ஆவணத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வேலையை, உதவியாளரும் வெளி நிரல்களும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறையான எம்சிபி எனப்படும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாகச் செய்து முடிக்கும் வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வரிசை என்பதை அழுத்தியே சொல்கிறேன். பலருக்கு இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். பலர் அமைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் உதவியாளரின் அமைப்புப் பக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே ஒரு பிழை வந்தால், கோளாறு ஆவணத்திலா, தேடலிலா, சர்வரிலா, சாவியிலா (சேவையை அணுகத் தரும் ரகசியக் குறியீடு), உதவியாளரிலா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது. ஐந்தையும் மாற்றி மாற்றித் தொட்டுவிட்டு, முதலில் சரியாக இருந்தது எது என்றே தெரியாமல் நிற்பார்கள். ஆகவே நாம் மறுமுனையில், ஆவணத்தில் தொடங்குவோம். ஒரு படி உறுதியான பிறகே அடுத்த படி.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எம்சிபியை ஏற்கும் உதவியாளர் செயலி ஒன்று வேண்டும். ஏற்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதாது. கணினிக்குள்ளேயே இயங்கும் சர்வரை ஏற்குமா, இணையத்தில் இருக்கும் சர்வரை ஏற்குமா, இரண்டையுமா என்று பாருங்கள். சில செயலிகளில் இது நீங்கள் வைத்திருக்கும் திட்டத்தைப் பொறுத்து மாறும். அலுவலகக் கணக்கு என்றால் நிர்வாகி அனுமதி தர வேண்டியிருக்கும். இரண்டு நாள் உழைத்த பிறகு இது தெரியவந்து கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வரை, அதாவது ஆவணங்களில் தேடி உதவியாளருக்குத் தரும் நிரலை, இயக்க பைத்தான் அல்லது நோட் (டைப்ஸ்கிரிப்ட் நிரல்களுக்கானது) நிறுவப்பட்டிருக்க வேண்டும். எம்சிபிக்கான அதிகாரபூர்வ நிரல் தொகுப்புகள் பைத்தானுக்கும் டைப்ஸ்கிரிப்ட்டுக்கும் கிடைக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைவுக் கோப்பைத் திருத்த எளிய உரைத் திருத்தி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதும் மென்பொருளில் அதைத் திறக்கவே வேண்டாம். நேரான மேற்கோள் குறிகளை அது அழகான வளைந்த குறிகளாக மாற்றிவிடும். அமைவுக் கோப்பு எழுதப்படும் ஜேசன் என்ற தரவு வடிவம் அவற்றை ஏற்காது.

ஆவணங்களில் இருபதை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால், தவறான பத்தி வரும்போது ஏன் வந்தது என்று படித்துப் பார்க்க முடியாது. இருபது ஆவணங்களை ஒரு மனிதரால் படித்துவிட முடியும்.

கடைசியாக, பத்துக் கேள்விகளை எழுதி வையுங்கள். அவற்றில் எட்டுக்குப் பதில் எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு கேள்விகளுக்கு உங்கள் ஆவணங்களில் பதிலே இருக்கக் கூடாது. இந்தத் தாள் இல்லாமல் தொடங்கியவர்கள், பதில் நன்றாக இருக்கிறது என்று தோன்றியதை வைத்தே வேலை முடிந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். உதவியாளர் தவறான பதிலையும் அழகாகத்தான் எழுதும்.

2. சர்வர் எங்கே இயங்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில் சர்வர் உங்கள் கணினியிலேயே ஒரு நிரலாக இயங்கும். உதவியாளர் அதனுடன் ஸ்டாண்டர்டு இன்புட், ஸ்டாண்டர்டு அவுட்புட் எனப்படும், நிரலின் வழக்கமான உள்ளீட்டு, வெளியீட்டுப் பாதைகள் வழியாகப் பேசும். இரண்டாவதில் சர்வர் ஒரு இணைய முகவரியில் இருக்கும். உதவியாளர் எச்டிடிபி வழியாக அதை அணுகும். இரண்டிலும் பரிமாறப்படும் செய்தி ஒன்றுதான்: ஜேசனில் வேண்டுகோளும் பதிலும் எழுதும் முறையான ஜேசன்-ஆர்பிசி 2.0 வடிவம்.

நீங்கள் ஒருவர் மட்டுமே பயன்படுத்தப் போகிறீர்கள், ஆவணங்கள் உங்கள் கணினியில்தான் இருக்கின்றன என்றால் முதல் வழியே போதும். பலர் பயன்படுத்த வேண்டும் என்றால் இரண்டாவது. ஐயம் இருந்தால் முதல் வழியில் தொடங்குங்கள். தேடல் பகுதியைப் பிறகு அப்படியே இணையத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

இங்கே இரண்டு தவறுகள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. முதல் வழியில், சர்வரை உதவியாளர் செயலியே தொடங்கும். புதியவர்கள் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) திறந்து தாங்களே சர்வரை ஓடவிட்டு, உதவியாளர் அதைக் கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பார்கள். அது நடக்காது. செயலி தனக்கென வேறொரு பிரதியைத் தொடங்கும்; டெர்மினலில் ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறு. பிரவுசரில் இயங்கும் உதவியாளரில், தங்கள் கணினியின் உள்முகவரியைச் சர்வர் முகவரியாகக் கொடுப்பார்கள். பிரவுசர் உங்கள் கணினியில் இருந்தாலும், சர்வரை அணுகுவது உதவியாளர் நிறுவனத்தின் கணினி. அதற்கு உங்கள் மேசை மீதிருக்கும் கணினி தெரியாது. இணையத்திலிருந்து எட்டக்கூடிய, எச்டிடிபிஎஸ் பாதுகாப்புள்ள முகவரிதான் வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில், இணையச் சர்வருக்கான பழைய தொடர்பு முறையான எஸ்எஸ்இ முறையில் சர்வரை அமைக்கச் சொல்லியிருப்பார்கள். 2025 மார்ச்சில் வந்த எம்சிபி பதிப்பில் அதன் இடத்தை ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி எடுத்துக்கொண்டது. புதிதாக அமைப்பவர்கள் இதையே எடுங்கள்.

3. ஆவணங்களைத் தேடலுக்குத் தயார் செய்யுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரத்தைக் கேட்பது இந்தப் படிதான். கேட்கட்டும், கொடுங்கள். இங்கே விட்ட குறையை மேலே எந்தப் படியிலும் நிரப்ப முடியாது.

முதலில், பிடிஎஃப்பிலிருந்து எடுத்த எழுத்து உண்மையில் எழுத்துதானா என்று கண்ணால் பாருங்கள். பழைய தமிழ் ஆவணங்கள் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். அந்தக் குறிகள் அப்படியே தேடல் கிடங்குக்குள், அதாவது தேடுவதற்காக ஆவணங்களைச் சேமிக்கும் இடத்துக்குள், போனால் எந்தக் கேள்விக்கும் அவை கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது. அப்படிப்பட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்கள் வெறும் படங்கள். அவற்றுக்கு எழுத்துணரி மென்பொருள் தேவை.

ஒருங்குறியிலும் ஒரு மறைகுழி உண்டு. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஆவணத்தில் ஒரு விதமாகவும் கேள்வியில் வேறு விதமாகவும் இருந்தால் சொல் தேடல் கைவிட்டுவிடும். என்எஃப்சி எனப்படும் ஒருங்குறி ஒழுங்காக்கத்தை ஆவணத்துக்கும் கேள்விக்கும் ஒருசேரச் செய்தால் இது தீரும். நிரலில் ஒரு வரிதான். ஆனால் 'பௌர்ணமி' போன்ற சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுத வேண்டும்.

அடுத்தது துண்டாக்கல். முழு ஆவணத்தையும் தேடலுக்குக் கொடுப்பதில்லை. சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கிறோம். இத்தனை எழுத்துக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். விதி ஒரு துண்டிலும் அதற்கான விலக்கு அடுத்த துண்டிலும் போய் விழும். உதவியாளருக்கு விதி மட்டும் கிடைக்கும். தவறான பதிலை உறுதியாகச் சொல்லும். தலைப்பு, உட்தலைப்பு, பத்தி என்ற எல்லைகளில் வெட்டுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆவணத்தின் பெயர், பிரிவுத் தலைப்பு, தேதி ஆகியவற்றை எழுதிச் சேருங்கள். 'மேற்கண்ட காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்' என்ற வரி தனியாக வந்தால், எதற்கு என்று யாருக்குத் தெரியும்?

துண்டின் அளவை டோக்கன் (மாதிரி எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு அலகு) கணக்கில் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உதவியாளருக்குள் இயங்கும் மொழி மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் அதே செய்தி தமிழில் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை எடுக்கும். ஆங்கில ஆவணத்துக்குச் சொன்ன எண்ணை அப்படியே வைத்தால், தமிழ்த் துண்டில் அதைவிடக் குறைந்த செய்திதான் இருக்கும்.

பிறகு எம்பெடிங். ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்களின் வரிசையாக மாற்றிச் சேமிப்பது இது. ஆவணங்களுக்கு எந்த எம்பெடிங் மாதிரியைப் பயன்படுத்தினீர்களோ, கேள்விக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். ஒரு மாதிரியின் எண்களுக்கு இன்னொரு மாதிரியில் பொருள் இல்லை. மாதிரியை மாற்றினால் எல்லா ஆவணங்களையும் மீண்டும் ஏற்றியே ஆக வேண்டும். தமிழைப் பயின்ற பன்மொழி மாதிரிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொல் தேடலையும் பொருள் தேடலையும் சேர்த்து வைப்பதையே நான் விரும்புகிறேன். தமிழில் 'வீடு' என்று தேடினால் 'வீட்டுக்கு' கிடைக்காது. 'மாதம்' என்று தேடினால் 'மாதத்தில்' கிடைக்காது. வேற்றுமை சேரும்போது சொல்லின் உருவே மாறிவிடுகிறது. பொருள் தேடல் இதைச் சமாளிக்கும். ஆனால் ஆணை எண், பாகத்தின் குறியீட்டு எண் போன்றவற்றில் பொருள் தேடல் தடுமாறும். அங்கே சொல் தேடல் கைகொடுக்கும்.

4. உதவியாளர் இல்லாமல் தேடலை மட்டும் சோதியுங்கள்

பத்துக் கேள்விகளையும் தேடல் நிரலிடம் நேரடியாகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரும் முதல் ஐந்து துண்டுகளைப் படியுங்கள். நீங்கள் குறித்து வைத்த பத்தி அந்த ஐந்துக்குள் வந்ததா?

பதில் உள்ள எட்டுக் கேள்விகளில் ஆறுக்குக்கூட வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். சிறந்த மாதிரியை இணைத்தால் சரியாகிவிடும் என்று பலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். கைக்கு வராத பத்தியை எந்த மாதிரியாலும் படிக்க முடியாது.

5. கருவிகளை வரையறுங்கள்

எம்சிபி சர்வர் மூன்று வகைப் பொருட்களை வெளியே காட்டலாம்: கருவிகள் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்பவை), வளங்கள் (படிப்பதற்கான தரவுகள்), தூண்டுரைகள் (ஆயத்தக் கேள்வி வாசகங்கள்). எப்போது அழைப்பது என்று மாதிரியே முடிவு செய்வது கருவிகளை மட்டும்தான். அறிவுத் தேடலுக்கு அதுதான் வேண்டும். ஆவணங்களை வளங்களாக வைத்துவிட்டு, உதவியாளர் ஏன் தானாகப் படிக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர்கள்.

இரண்டு கருவிகள் போதும். ஒன்று தேடும்: கேள்வியைப் பெற்று, பொருந்தும் துண்டுகளை அடையாள எண், தலைப்பு, மூலம் ஆகியவற்றுடன் திருப்பித் தரும். மற்றொன்று எடுத்துத் தரும்: அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தப் பகுதியை முழுமையாகத் தரும். முதலிலேயே முழு ஆவணங்களைக் கொட்டினால் உரையாடலின் இடம் நிரம்பிவிடும். தேவையானது தேவையற்றதற்குள் புதைந்துபோகும். தேடல் தரும் துண்டுகளுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். நான் ஐந்தில் தொடங்குவேன்.

இப்போது கருவியின் விளக்கம். புதியவர்கள் ஒரு நிமிடத்தில் எழுதி முடிப்பதும், பிறகு நாள்கணக்கில் துன்பப்படுவதும் இதில்தான். கருவியை அழைக்கலாமா வேண்டாமா என்று மாதிரி முடிவு செய்வதற்கு அந்த விளக்கம்தான் முதன்மையான ஆதாரம். உங்கள் நிரலை அது பார்ப்பதில்லை.

ஒருவர் எழுதியிருந்தது இது: 'ஆவணங்களைத் தேடும்.' விடுப்பு விதியைப் பற்றிக் கேட்டபோது உதவியாளர் கருவியைத் தொடவே இல்லை. விடுப்பு விதிகள் பொதுவாக எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரிந்ததை எழுதியது. விளக்கத்தை இப்படி மாற்றினோம்: 'இந்த நிறுவனத்தின் விடுப்பு, பயணப்படி, கொள்முதல் விதிகளில் தேடும். இவற்றைப் பற்றிய எந்தக் கேள்விக்கும், பதில் தெரியும் என்று தோன்றினாலும், முதலில் இதை அழைக்கவும். கேள்வியை முழு வாக்கியமாகக் கொடுக்கவும். மற்ற பொதுக் கேள்விகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.' நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அடுத்த கேள்விக்கே கருவி அழைக்கப்பட்டது.

எதுவும் கிடைக்காதபோது என்ன திரும்ப வேண்டும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். வெற்றுப் பட்டியலைத் திருப்பினால் மாதிரி அந்த இடத்தைத் தன் நினைவால் நிரப்பப் பார்க்கும். 'பொருந்தும் பகுதி எதுவும் ஆவணங்களில் இல்லை. பயனரிடம் இதைத் தெரிவிக்கவும்' என்ற வாக்கியத்தையே திருப்புங்கள். தரவுத்தளம் விழுந்துவிட்டது போன்ற உள்கோளாறு என்றால், பதிலில் இது பிழை என்று காட்டும் குறியை வைத்து, என்ன நடந்தது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்பதும் தேட முடியவில்லை என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், இருக்கிற விதியை இல்லை என்று உதவியாளர் சொல்லிவிடும்.

6. இன்ஸ்பெக்டரில் சர்வரைச் சோதியுங்கள்

எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற இலவசச் சோதனைக் கருவி உண்டு. பிரவுசரில் திறக்கும். உதவியாளர் இருக்க வேண்டிய இடத்தில் நீங்களே அமர்ந்து, சர்வருடன் ஒவ்வொரு செய்தியாகப் பேசிப் பார்க்கலாம்.

நடக்க வேண்டியது இந்த வரிசையில் நடக்கிறதா என்று பாருங்கள். முதலில் இன்ஸ்பெக்டரிடமிருந்து சர்வருக்குத் தொடக்க வேண்டுகோள் போகும். அதில் நெறிமுறையின் பதிப்பு இருக்கும். சர்வர் தன் பதிப்பையும் திறன்களையும் சொல்லிப் பதில் தரும். தொடங்கியாயிற்று என்ற அறிவிப்பு மீண்டும் சர்வருக்குப் போகும். அதன் பிறகே கருவிப் பட்டியலைக் கேட்க முடியும். பட்டியல் வந்ததும் தேடல் கருவியை அழைத்து, பத்துக் கேள்விகளையும் இன்னொரு முறை ஓட்டுங்கள். நான்காம் படியில் வந்த அதே துண்டுகள் வர வேண்டும்.

உள்கணினிச் சர்வரில் இந்தப் படி பெரும்பாலும் ஒரே காரணத்தால் உடைகிறது. ஸ்டாண்டர்டு அவுட்புட் என்பது எம்சிபி செய்திகளுக்கு மட்டும் உரிய பாதை. அதில் வேறு ஒரு சொல் விழுந்தாலும் உதவியாளர் அதை ஜேசன் என்று படிக்க முயன்று தோற்கும். நான் முதன்முதலில் அமைத்தபோது, 'கிடங்கு ஏற்றப்பட்டது' என்று ஒரு வரியை அச்சிடும்படி நிரலில் எழுதியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்துகொண்டே இருந்தது. ஒரு மாலை முழுவதும் சாவியையும் பாதையையும் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு வரியை, பிழைகளுக்கும் பதிவுகளுக்குமான தனிப் பாதையான ஸ்டாண்டர்டு எரர் பக்கம் திருப்பியதும் இணைப்பு அறுபடாமல் நிலைத்தது. உங்கள் நிரல் மட்டுமல்ல, நீங்கள் சேர்த்திருக்கும் நூலகங்கள் அச்சிடும் முன்னேற்றப் பட்டைகளும் எச்சரிக்கைகளும்கூட இதைச் செய்யும். எல்லாப் பதிவுகளும் ஸ்டாண்டர்டு எரருக்கே போகட்டும்.

7. உதவியாளரில் பதிவு செய்யுங்கள்

இப்போதுதான் உதவியாளரைத் திறக்கிறோம்.

உள்கணினிச் சர்வர் என்றால், செயலியின் ஜேசன் அமைவுக் கோப்பில் சர்வருக்கு ஒரு பெயர் கொடுத்து, அதன் கீழ் மூன்று செய்திகளை எழுத வேண்டும்: எந்த நிரலை இயக்குவது, அதற்கு என்னென்ன அளவுருக்கள் (இயக்கும்போது கொடுக்கும் விவரங்கள்), எந்தச் சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியே வைத்து அதற்குத் தரும் மதிப்புகள்). கோப்பைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு சர்வர்கள் அதில் இருக்கலாம். ஒரு காற்புள்ளி தவறினால் அவையும் சேர்ந்து நின்றுவிடும்.

பாதைகளை முழுமையாக எழுதுங்கள். டெர்மினலில் வெறும் 'பைத்தான்' என்று தட்டினால் வேலை செய்வதற்குக் காரணம், அந்த டெர்மினலுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஐகானைச் சொடுக்கித் திறந்த செயலிக்கு அந்த அறிவு பல நேரங்களில் இருக்காது. நிரலின் முழுப் பாதை, சர்வர் கோப்பின் முழுப் பாதை, தேடல் கிடங்கின் முழுப் பாதை, மூன்றும் வேண்டும். பைத்தானின் தனிச்சூழலில் தொகுப்புகளை நிறுவியிருந்தால், அந்தச் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் பாதையைக் கொடுக்க வேண்டும். விண்டோசில் பாதையின் பின்சாய்வுக் கோட்டை ஜேசனில் இரட்டையாக எழுதுங்கள்.

பட்டியலின் கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி கூடாது. கோப்பைச் சேமித்த பிறகு செயலியை முற்றிலும் நிறுத்தித் திறக்க வேண்டும். சாளரத்தை மூடினால் மட்டும் பல செயலிகள் நிற்பதில்லை. பின்னணியில் பழைய அமைப்புடன் ஓடிக்கொண்டே இருக்கும்.

இணையச் சர்வர் என்றால் முகவரியை அமைப்புப் பக்கத்தில் கொடுக்கிறீர்கள். தளத்தின் பெயர் மட்டும் போதாது; எம்சிபிக்கு ஒதுக்கிய பாதையின் வால் வரை முழுதாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த முகவரியைப் பிரவுசரில் திறந்து பார்த்து, 405 அல்லது 406 பிழை வந்ததும் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு செய்கிறவர்கள் அதிகம். பிரவுசர் ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கிறது. சர்வரிடம் இருப்பது வேறு. அந்தப் பிழை வந்தால் அங்கே ஏதோ ஒன்று உயிரோடு பதில் சொல்கிறது என்று பொருள்.

8. சாவிகளும் பாதுகாப்பும்

சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள், உரையாடலிலும் ஒட்டாதீர்கள். உள்கணினிச் சர்வருக்குச் சூழல் மாறிகள் வழியாகச் சாவி போகட்டும். இணையச் சர்வருக்கு எம்சிபி வகுத்திருக்கும் அனுமதி முறை, கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அணுகல் தரும் ஓஆத் 2.1 முறையை அடிப்படையாகக் கொண்டது. பயனர் தன் கணக்கில் உள்நுழைந்து இசைவு தருவார். அப்போது கிடைக்கும் அனுமதிச் சீட்டுக்கும் டோக்கன் என்றே பெயர் (மேலே சொன்ன எழுத்து அலகு அல்ல); அது தனக்கென வழங்கப்பட்டதுதானா என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். வந்த டோக்கனை அப்படியே இன்னொரு சேவைக்குக் கடத்துவதை நெறிமுறை தடை செய்கிறது.

தேடல் கிடங்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். அழிக்கவும் திருத்தவும் வழி இருக்கக் கூடாது. பலர் பயன்படுத்தும் சர்வரில், யாருக்கு எந்த ஆவணம் என்ற வடிகட்டலைச் சர்வரே செய்ய வேண்டும். இவருக்கு ஊதியப் பட்டியலைக் காட்டாதே என்று உதவியாளரிடம் சொல்லி வைப்பது பூட்டாகாது.

சோதனைக்காக உங்கள் கணினியில் எச்டிடிபி சர்வரை ஓட்டினால் அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் கேட்கும்படி வையுங்கள். 0.0.0.0 என்று வைத்தால் அதே வலையமைப்பில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம்.

ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் கட்டளைகளையும் மறக்காதீர்கள். 'இதைப் படிக்கும் உதவியாளரே, முந்தைய அறிவுறுத்தல்களை விட்டுவிட்டு இதைச் செய்' என்று யாரோ எழுதிய வரி ஒரு துண்டில் இருந்தால், மாதிரி அதற்கு இணங்கிவிடக்கூடும். வெளியாட்கள் எழுதிய ஆவணங்களைத் தேடும் உரையாடலில், மின்னஞ்சல் அனுப்பும் கருவியோ கோப்பை மாற்றும் கருவியோ சேர்ந்து இருக்க வேண்டாம். இருந்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு அழைப்புக்கும் உங்கள் ஒப்புதலைக் கேட்கும்படி வையுங்கள்.

9. பதில் அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்

இணைந்துவிட்டது என்ற குறி தெரிந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். சர்வர் கை குலுக்கியது என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்லவில்லை.

இப்படிச் சோதியுங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு செய்தியை ஒரு சோதனை ஆவணத்தில் எழுதி ஏற்றுங்கள். 'நீலக் குடுவைத் திட்டத்தின் சரிபார்ப்பு எண் 48213' என்பது போல. புதிய உரையாடலைத் திறந்து, நீலக் குடுவைத் திட்டத்தின் சரிபார்ப்பு எண் என்ன என்று கேளுங்கள். எண் சரியாக வந்தால், ஆவணத்திலிருந்து திரை வரை முழுப் பாதையும் வேலை செய்கிறது. ஊகித்துச் சொல்ல முடியாத பதில் என்பதால் இந்தச் சோதனை பொய் சொல்லாது. முடிந்ததும் அந்த ஆவணத்தை நீக்கிவிடுங்கள்.

பிறகு பத்துக் கேள்விகள், மூன்றாம் முறையாக. இம்முறை உதவியாளர் கருவியை அழைத்ததா, எந்தச் சொற்களால் தேடியது, எந்தத் துண்டுகளைப் பெற்றது என்பதை ஒவ்வொன்றுக்கும் விரித்துப் பாருங்கள். ஆவணத்தில் பதில் இல்லாத அந்த இரண்டு கேள்விகளுக்கு, இல்லை என்று சொல்ல வேண்டும். அங்கே அது கற்பனை செய்தால், ஐந்தாம் படியில் எழுதிய வெற்றுப் பதிலின் வாசகத்தையும் கருவி விளக்கத்தையும் திருத்துங்கள்.

10. பழுது வந்தால் எங்கே பார்ப்பது

சர்வரின் பெயரே பட்டியலில் இல்லை என்றால், அமைவுக் கோப்பின் ஜேசன் உடைந்திருக்கிறது, அல்லது செயலி முழுதாக மறுபடி தொடங்கப்படவில்லை. பெயர் இருந்தும் தொடங்கவில்லை என்றால் பெரும்பாலும் பாதை தவறு. தொடங்கி உடனே அறுந்தால் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் ஏதோ அச்சாகிறது.

கருவி தெரிந்தும் அழைக்கப்படவில்லையா? விளக்கத்தைத் திருத்துங்கள். அந்த உரையாடலில் கருவி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல செயலிகளில் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு.

401 என்ற பிழை எண் வந்தால் அனுமதி டோக்கன் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. 403 வந்தால் டோக்கன் இருக்கிறது, உரிமை போதவில்லை. முதலில் வேலை செய்து பிறகு 404 வந்தால், அமர்வு முடிந்திருக்கலாம். புதிதாகத் தொடங்க வேண்டும். தொடக்கத்திலேயே 404 என்றால் முகவரியின் வாலைப் பாருங்கள். ஜேசன்-ஆர்பிசியின் பிழை எண்களில், -32601 என்றால் அழைத்த பெயரில் முறை இல்லை. -32602 என்றால் அளவுருக்கள் பொருந்தவில்லை. பெரும்பாலும் கருவியின் அளவுருப் பெயரை நிரலில் மாற்றிவிட்டு வரையறையில் மாற்ற மறந்திருப்பார்கள்.

கருவி அழைக்கப்பட்டு நெடுநேரம் சுழன்று நின்றுவிட்டால், முதல் அழைப்பின்போதுதான் எம்பெடிங் மாதிரியை ஏற்றுகிறீர்களா என்று பாருங்கள். சர்வர் தொடங்கும்போதே ஏற்றி வைத்தால் முதல் கேள்விக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். செயலியின் லாக் கோப்பை (நடந்தவற்றைப் பதிவு செய்யும் கோப்பு) திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தி சுருக்கம். காரணம் லாக்கில்தான் இருக்கும்.

11. தொடர்ந்து பராமரிப்பது

ஆவணம் மாறினால் கிடங்கு தானாக மாறாது. மாறிய கோப்பை மட்டும் கண்டுபிடித்து, அதன் பழைய துண்டுகளை நீக்கி, புதியவற்றை ஏற்றும் நிரலை அட்டவணைப்படி ஓடவிடுங்கள். ஏற்றுவது எல்லோருக்கும் நினைவிருக்கும், நீக்குவது மறந்துபோகும். கோப்புறையிலிருந்து அழித்த சுற்றறிக்கை கிடங்கில் உயிரோடு இருந்து, புதிய சுற்றறிக்கைக்கு எதிராகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு துண்டுகளும் ஒரே கேள்விக்குப் பொருந்தின. உதவியாளர் பழையதை எடுத்துக்கொண்டது. துண்டின் தலையில் தேதி இருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆகவே ஒரு ஆவணத்தை நீக்கிய ஒவ்வொரு முறையும், அதில் மட்டுமே இருந்த ஒரு செய்தியை உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்த பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம்.